சிவப்புக் கண்ணாடியில் எடுத்த மறுவீட்டுப் படம்

இந்த நினைவு மலரின் அட்டையில் நீங்கள் காணும் அண்ணனின் படம் அடையாள அட்டைக்காக எடுக்கப்பட்டது. பெரிதாக்கியதால் முகம் சற்றுக் கலங்கித் தெரிகிறது. உறவினர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கேமராவைத் தோளில் மாட்டித் திரிந்தவருக்கு, வீடு முழுவதும் தேடியும் வேறு படம் கிடைக்கவில்லை. அவர் எப்போதும் கேமராவுக்குப் பின்னால்தான் நின்றார். பிற்காலத்தில் அவரைப் படம் எடுக்க யாருக்கும் தோன்றவும் இல்லை.

இந்தக் கட்டுரையை எழுதச் சொன்னவர் அண்ணி. "நீதான் எழுதணும் சாந்தி. ஒன்னும் விடாம எழுது" என்றார். ஒன்றும் விடாமல் எழுதுவதா என்று முடிவு செய்யவே எனக்குப் பல மாதங்கள் ஆயின. முதலாண்டு நினைவு நாள் நெருங்கிய பிறகுதான் பேனாவை எடுத்தேன்.

அண்ணன் பிறந்தது பீடோருக்கு அருகில் ஒரு ரப்பர்த் தோட்டத்தின் லயத்து வீட்டில், தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய வீடுகளில் ஒன்றில். அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டி, ரப்பர்ப் பால் எடுத்தவர்கள். அண்ணன் மூத்தவர், நான் கடைசி. எங்களுக்கு இடையில் பிறந்த இருவர் தங்கவில்லை. எனக்கு ஆறு வயதாக இருக்கும்போது அப்பா நெஞ்சு நோயில் காலமானார். அப்போது அண்ணனுக்குப் பதினாறு. மறு வாரமே பள்ளிக்கூடப் பையை ஆணியில் மாட்டிவிட்டு அப்பாவுக்கு ஒதுக்கியிருந்த மர வரிசையில், அவர் நிரையில், பால் வெட்டப் போனார். அந்தப் பையை நான்தான் பிறகு எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனேன். அதைப் பற்றி அவர் ஒரு நாளும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

தோட்டம் விற்கப்பட்டு மரங்களைச் சாய்த்தபோது எங்கள் குடும்பம் ஈப்போவுக்கு வந்தது. அடுக்குமாடியில் நான்காவது மாடி. அண்ணனுக்கு ஒரு மருத்துவமனையின் எக்ஸ்ரே பிரிவில், இருட்டறையில் பிலிம் கழுவும் வேலை கிடைத்தது. பிலிமை எவ்வளவு நேரம் மருந்தில் வைப்பது, எப்போது எடுப்பது என்பதையெல்லாம் அவர் அங்கேதான் கற்றுக்கொண்டார். நாள் முழுக்க மனிதர்களின் எலும்பைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய், முகத்தைப் பார்க்க ஆசை வந்ததாகச் சிரித்துக்கொண்டே சொல்வார். பழைய நகரத்தில் ஒரு சீனர் கடையிலிருந்து ஒரு கேமரா வாங்கிவந்தார். ஊரெல்லாம் கலர்ப் படம் எடுக்கத் தொடங்கிவிட்ட காலத்திலும் அவர் கறுப்பு வெள்ளை பிலிமை விடவில்லை. அதை மட்டும்தான் வீட்டிலேயே, தம் கையாலேயே கழுவ முடியும் என்பது முதற்காரணம். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் குளித்து முடித்த பிறகு, குளியலறைச் சன்னலில் கறுப்புத் துணி கட்டி உள்ளே போய்விடுவார்.

அவரிடம் வட்டமான நான்கு கண்ணாடிகள் இருந்தன. மஞ்சள், ஆரஞ்சு, பச்சை, சிவப்பு. லென்சின் முன்னால் திருகி மாட்டிக்கொள்ளும் பில்டர்கள்தான். நாங்கள் கலர்க் கண்ணாடி என்போம். எடுக்கப்போவது கறுப்பு வெள்ளைப் படம், அதற்கு எதற்குக் கலர்க் கண்ணாடி என்று நான் கேட்டிருக்கிறேன்.

"கண்ணாடி என்ன கலரோ அந்தக் கலரு படத்துல வெளுத்துரும் பாப்பா. அதுக்கு எதிர்க் கலரு கறுத்துரும். பச்ச போட்டா எல வெளுக்கும். செவப்பு போட்டா வானம் கறுக்கும், மேகம் மட்டும் வெள்ளையா எழுந்து நிக்கும். பாக்குறியா?" என்று இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். ஒரே சுண்ணாம்பு மலை. ஒன்றில் வானமே இல்லாதது போல் வெறும் வெளுப்பு. மற்றதில் மழைக்கு முந்திய இருட்டு. இரண்டும் ஒரே நிமிடத்தில் எடுத்தவை என்றார்.

உறவுக்காரப் பெண்கள் இதைத் தெரிந்துகொண்டு, "அண்ணே, என்னைக் கொஞ்சம் வெள்ளையா எடுங்க லா" என்று சூழ்ந்துகொள்வார்கள். அவர் ஆரஞ்சுக் கண்ணாடியை மாட்டுவார். முகப்பரு வடுவெல்லாம் மறைந்து முகம் பளிச்சென்று வரும். அம்மாவுக்கு மட்டும் பச்சைக் கண்ணாடி. அதில் அம்மாவின் கறுப்பும் நெற்றிக் கோடுகளும் இன்னும் அழுத்தமாக வரும். அம்மா கோபித்துக்கொள்வார். "நீ இருக்குறபடிதான்மா எடுத்துருக்கேன்" என்பார் அண்ணன். இன்று எங்களிடம் உள்ள அம்மாவின் படம் அதுதான்.

இனி எழுத வேண்டியதை எழுதுகிறேன்.

எனக்குத் திருமணமாகி இருபது ஆண்டுகள் ஆகின்றன. அப்பா இல்லாத குறை தெரியாமல் அண்ணன்தான் மாப்பிள்ளை பார்த்து, மண்டபம் பிடித்து, வாசலில் நின்று வரவேற்று எல்லாம் செய்தார். என் கணவர் தஞ்சோங் மாலிம் பக்கம் ஒரு கார் தொழிற்சாலையில் வேலை செய்தார். கலகலப்பான மனிதர். அண்ணனுக்கும் அவருக்கும் பார்த்த நாளிலிருந்தே ஒத்துப்போயிற்று.

மூன்றாம் நாள் மறுவீட்டு விருந்துக்கு ஈப்போவுக்கு வந்தோம். மாமியார் கொடுத்த சிவப்புப் பட்டுப் புடவை கட்டியிருந்தேன். சாப்பிட்டு முடித்ததும் அண்ணன் எங்களை ஊருக்கு வெளியே, ஈயம் தோண்டிய ஒரு பழைய குட்டைக்கரைக்கு அழைத்துப்போனார். பின்னால் சுண்ணாம்பு மலை. மலைக்கு மேல் பெரிய பெரிய மேகங்கள். எங்களை நிழலில் உட்காரவைத்துவிட்டு, முதலில் அவர் மலையை எடுத்தார். பிறகு எங்களைக் கூப்பிட்டார்.

"மாப்ள, அந்தக் கல்லு மேல ஒரு கால வைங்க. அப்படியே. பாப்பா, கிட்ட வா."

"மச்சான், சீக்கிரம் லா. இந்தக் கோட்டுக்குள்ள நான் வெந்துகிட்டு இருக்கேன்" என்றார் என் கணவர். நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். அண்ணன் அமுக்கினார். ஒரே ஒரு படம். அதோடு பிலிம் முடிந்துவிட்டது.

மலைக்காக மாட்டிய சிவப்புக் கண்ணாடியை அண்ணன் கழற்ற மறந்திருந்தார். அவருடைய கேமராவில் கண்ணால் பார்க்கும் துளை வேறு, லென்ஸ் வேறு. துளை வழியே பார்த்தால் எல்லாம் உள்ள நிறத்திலேயே தெரியும். எனவே அவருக்கும் தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு தொலைபேசியில் கூப்பிட்டார். "படம் சரியா வரல பாப்பா. வேற ஒரு நாள் எடுப்போம்" என்றார். நானும் அத்துடன் மறந்துவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து அம்மாவைப் பார்க்க வந்தபோது, என் கணவர் அண்ணனின் படப்பெட்டியைக் கிளறிக்கொண்டிருந்தார். அடியில் ஓர் உறைக்குள் அந்தப் படம் இருந்தது. நான் எட்டிப் பார்த்தேன். வானம் கறுத்திருந்தது. மேகங்கள் வெண்மையாக நின்றன. என் கணவரின் முகம் அவ்வளவு உயிரோடு இருந்தது. பக்கத்தில் நான். என் நெற்றியில் பொட்டு இல்லை. வகிட்டில் வைத்திருந்த குங்குமம் திருநீறு போல் வெளுத்திருந்தது. சிவப்புப் பட்டு வெள்ளைப் புடவையாக மாறியிருந்தது.

அண்ணன் விரைந்து வந்து கையை நீட்டினார். "குடுங்க மாப்ள. அது வேணாம். செவப்புக் கண்ணாடி போட்டதுல செவப்பெல்லாம் வெளுத்துப் போச்சு. தங்கச்சி நெத்தியப் பாருங்க. பெரியவங்க பாத்தா மனசு சங்கடப்படும். கிழிச்சுப் போடலாம்னுதான் இருந்தேன், உங்க மொகம் நல்லா வந்துருச்சு, கை வரல."

என் கணவர் சிரித்தார். என்னைத் திருப்பி நிறுத்தி, "இந்தா, பொட்டு இருக்கா இல்லையா? இருக்குல்ல. அப்புறம் என்ன மச்சான்? பொறந்ததுல இருந்து என் மூஞ்சி இதுலதான் மனுசன் மூஞ்சி மாரி இருக்கு. நான் எடுத்துட்டுப் போறேன்" என்றார்.

"வேணாம் மாப்ள. சொன்னா கேளுங்க."

"நீங்க பேசாம இருங்க மச்சான்."

இப்படித்தான் அந்தப் படம் அண்ணனின் வீட்டிலிருந்து போனது. அண்ணன் கொடுக்கவில்லை. தடுத்தார். இரண்டு முறை தடுத்தார். நான் பக்கத்திலேயே நின்றேன். இதை நான் அச்சில் எழுதுவது இதுவே முதல் தடவை. வாயால் உறவினர் முன் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

என் கணவர் அதைச் சட்டம் போட்டு முன்னறையில் மாட்டினார். பாரிட் புந்தாரில் உறவினர் வீட்டுக்குப் போயிருந்த மாமியார் திரும்பி வந்து பார்த்ததும் நடுங்கிப்போனார். உடனே கழற்றச் சொன்னார். இவர் அம்மாவைக் கேலி செய்துகொண்டே கழற்றி, எங்கள் அறைக்குள் மாட்டிக்கொண்டார்.

திருமணமாகி எட்டு மாதத்தில், வேலைக்குப் போகும் வழியில், மழையில் மோட்டார்சைக்கிள் சறுக்கி லாரிக்கு அடியில் போய்விட்டார். நான் அப்போது நான்கு மாதக் கர்ப்பிணி.

அண்ணன் செய்தி கேட்டு ஈப்போவிலிருந்து பிறந்த வீட்டுக் கோடியோடு வந்தார். கணவனை இழந்த பெண்ணுக்கு உடன்பிறந்தவன் போட வேண்டிய புடவை அது. அவர் வாசல்படி ஏறியபோது மாமியார் எங்கள் அறைக்குள் ஓடி அந்தப் படத்தைக் கொண்டுவந்தார். கூடியிருந்த அத்தனை பேருக்கும் தூக்கிக் காட்டினார்.

"பாருங்க! எல்லாரும் பாருங்க! தாலி கட்டுன மூணாம் நாளே என் மருமகளுக்கு வெள்ளப் பொடவ கட்டிவிட்டுட்டான் இந்தப் பாவி. பொட்ட அழிச்சுட்டான். எம்புள்ளைய அன்னிக்கே சாவடிச்சுட்டான்! இவன் கையால கோடியா? ஏறாத. எறங்கு!"

படம் கையிலிருந்து கைக்குப் போனது. பார்த்தவர்கள் பார்த்த மாத்திரத்தில் அண்ணனை விட்டு ஒதுங்கி நின்றார்கள். அண்ணன் படியில் நின்றபடி என்னைப் பார்த்தார். தம் பக்கம் ஒரு வார்த்தை சொல்ல அங்கே இருந்தவள் நான் ஒருத்திதான். 'அண்ணன் வேண்டாம் என்றார், அவர்தான் எடுத்துவந்தார்' என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

கோடியை யாரோ ஒரு பெரியப்பா வாங்கிப் போட்டார். அண்ணன் படியிறங்கி, மழைச் சேற்றில், உடலை எடுக்கும் வரை சாலையோரத்திலேயே நின்றிருந்தாராம். பிறகுதான் கேள்விப்பட்டேன்.

அதன்பின் பதினொரு ஆண்டுகள் நான் அண்ணனோடு பேசவில்லை. முதலில் பயம்தான் காரணம். வயிற்றில் பிள்ளையோடு நான் இருக்க வேண்டிய வீடு அது. ஆனால் முழுக்க அதுவே காரணம் என்று சொன்னால் பொய்யாகிவிடும். ஒரு கண்ணாடித் துண்டு யார் உயிரையும் எடுக்காது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் மெல்ல மெல்ல நானும் அண்ணன் மேல் கோபத்தை வளர்த்துக்கொண்டேன். மழையோடும் லாரியோடும் கோபித்துக்கொள்ள முடியாது. அண்ணனோடு முடிந்தது. மகள் பிறந்தபோது அவர் அம்மாவிடம் கொடுத்தனுப்பிய தொட்டில் துணியையும் சட்டைகளையும் பிரிக்காமலே திருப்பி அனுப்பினேன். அம்மா காலமானபோது ஒரே கூடத்தில் மூன்று நாள் இருந்தோம். "பாப்பா, சாப்புட்டியா?" என்று ஒரு முறை கேட்டார். நான் மகளைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

அந்த ஆண்டுகளில் அண்ணன் பட்டதை அண்ணி சொல்லித்தான் அறிந்தேன். அவர் கை ராசியில்லாத கை என்று பேச்சுப் பரவியது. ஒரு கல்யாண வீட்டில் பத்திரிகை வைக்க வந்தவர்களே, "நீங்க வாங்கண்ணே, கேமரா மட்டும் வேணாம்" என்று சொல்லிப்போனார்கள். போனார். கடைசி வரிசையில் உட்கார்ந்து, சாப்பிட்டுவிட்டு வந்தார். அதன்பின் மனிதர்களைப் படம் எடுப்பதை அடியோடு நிறுத்திவிட்டார். மலை, குட்டை, ஆளில்லாத லயங்கள், செம்பனை மரங்களுக்கு நடுவே விட்டுப்போன கோயில். பெட்டி பெட்டியாக இருக்கின்றன. ஒன்றிலும் ஓர் ஆள் இல்லை. மருத்துவமனையில் எக்ஸ்ரேக்குப் பிலிமே தேவையில்லாமல் போய், அவரைப் பதிவேட்டு அறைக்கு மாற்றினார்கள். அங்கும் முணுமுணுக்காமல் ஓய்வு பெறும்வரை வேலை பார்த்தார்.

மாமியார் காலமான பிறகு நான் மகளோடு ஈப்போவுக்கு வந்து ஒரு பாலர் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தேன். மகன் நினைவு தாங்காமல் மாமியார் என் கணவரின் படங்களை எல்லாம் எப்போதோ எரித்துவிட்டிருந்தார். அவர் மேல் குற்றம் சொல்ல நான் இதை எழுதவில்லை. ஒரே மகனைப் பறிகொடுத்தவர். ஒரு நாள் என் மகள் கேட்டாள். "அம்மா, அப்பா எப்படி இருப்பாரு? ஒரு படம்கூடவா இல்ல?"

அன்று மாலையே பேருந்து ஏறி அண்ணன் வீட்டுக்குப் போனேன். பதினொரு ஆண்டு கழித்து வாசலில் நிற்கும் தங்கையைப் பார்த்து, "வாம்மா. வெயில்ல வந்துருக்க. மொதல்ல தண்ணி குடி" என்றார். தலை முழுதும் நரைத்திருந்தது. படம் வேண்டும் என்று மட்டும் சொன்னேன். அவருக்குப் புரிந்துவிட்டது.

"நெகட்டிவ் பத்திரமா இருக்கு. ஆனா உன் பொட்டு அதுலயே இல்லம்மா. இல்லாதத நான் எங்க இருந்து கொண்டுவரது?" என்றார். பிறகு தாமே, "மாப்ளய மட்டும் போட்டுத் தாரேன்" என்றார்.

அடுத்த ஞாயிறு கொண்டுவந்து கொடுத்தார். என் கணவர் சிரித்துக்கொண்டிருக்கிறார். ஓரத்தில், அவர் தோளில் வைத்த என் கைவிரல்கள் மட்டும் தெரிகின்றன. மகள் தன் தகப்பனை அன்றுதான் பார்த்தாள்.

அன்று நான் அண்ணனிடம், "அண்ணே, அன்னிக்கு அத்த வீட்டுல நான் பேசியிருக்கணும்..." என்று தொடங்கினேன். கையைக் காட்டி நிறுத்தினார். "விடு லா. நீ பேசியிருந்தா அந்த வீட்டுல உன்ன வச்சிருப்பாங்களா? வயித்துல புள்ளய வச்சிக்கிட்டு எங்க போயிருப்ப?" என்றார். அவர் பதினொரு ஆண்டுகளாக எனக்காக யோசித்து வைத்திருந்த சமாதானம் அது. அவர் என்னை மன்னித்துவிட்டார் என்று நினைத்து, நானும் அதோடு விட்டுவிட்டேன். அது நான் செய்த இரண்டாவது தவறு.

கடைசி நான்கு ஆண்டுகள் அண்ணனுக்குச் சிறுநீரகம் செயலிழந்து, வாரம் மூன்று நாள் இரத்தம் சுத்திகரிக்க வேண்டியிருந்தது. என்னால் முடிந்த நாள்களில் உடன் போனேன். ஊசி ஏறும்போது மட்டும் என் கையைப் பிடித்துக்கொள்வார். வேறு எதற்கும் யாரையும் தொந்தரவு செய்ததில்லை. சென்ற ஆண்டு மழைக்காலத்தில் நுரையீரலில் நீர் கோத்து மருத்துவமனையில் சேர்த்தோம். மருத்துவர் எங்களை வெளியே அழைத்துப் பேசிவிட்டார். வீட்டுக்குத் திரும்ப மாட்டார் என்று எங்களுக்குத் தெரியும்.

அதற்கு இரண்டு நாள் கழித்து, அண்ணி கஞ்சி வாங்கக் கீழே போயிருந்த ஒரு பிற்பகலில், அண்ணன் பிராணவாயு முகமூடியைச் சற்று விலக்கி என்னைக் கூப்பிட்டார். வானிலையைக் கேட்பவர் போலத்தான் கேட்டார்.

"பாப்பா, அந்தப் படத்துனால இல்லல்ல?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. என் கணவரின் சாவைத்தான் கேட்கிறார் என்று பிறகு விளங்கியது. எந்தக் கண்ணாடி எந்த நிறத்தை வெளுக்கும் என்று ஊருக்கெல்லாம் விளக்கியவர். அவருக்குத் தெரியாததா? ஆனாலும் கேட்டார். பத்தொன்பது ஆண்டுகள் தமக்குள் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். பதில் சொல்லத் தகுதி உள்ளவள் என்று என்னை மட்டும் நினைத்திருக்கிறார். நான் எதையும் சொல்லவில்லை என்பதால், நானும் அப்படித்தான் நம்புகிறேன் என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்.

"இல்லண்ணே. சத்தியமா இல்ல. மழதான். மழையும் லாரியுந்தான். நீங்க குடுக்கக்கூட இல்லண்ணே, அவருதானே எடுத்துட்டு வந்தாரு. நான் பக்கத்துல நின்னேனே."

"சரிம்மா. நீ சொன்னா சரி" என்றார். முகமூடியைத் தாமே சரிசெய்துகொண்டார். அதன் பிறகு அவர் அதிகம் பேசவில்லை. மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்குச் சற்று முன், அண்ணியும் நானும் இருபுறமும் இருக்க, மூச்சு நின்றது. வயது ஐம்பத்தெட்டு.

அவருக்கு நிம்மதி கிடைத்ததா என்று எனக்குத் தெரியாது. கிடைத்தது என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். ஆனால் மூன்று நாள் நிம்மதி பத்தொன்பது ஆண்டுகளுக்கு ஈடாகாது.

அண்ணனின் இறுதிச் சடங்கு நாளில், கொட்டகைக்குப் பின்னால் இரண்டு பேர் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. "தங்கச்சி புருசன படத்துலயே முடிச்சவருதானே" என்றார் ஒருவர். அவர்கள் யார் என்று நான் எழுதப்போவதில்லை. அவர்களுக்கு உண்மையைச் சொல்லாதவள் நான். ஆகவே இம்மலரைப் பெறும் எல்லோருக்கும் சொல்கிறேன்: அது மறதியால் வந்த பிழை. அண்ணன் அதை மறைத்து வைத்தார். கேட்டபோது மறுத்தார். என் கணவர் ஆசைப்பட்டு எடுத்துவந்தார். மழையில் விபத்து நடந்தது. நான் வாய் திறக்கவில்லை. நடந்தது இவ்வளவே. இனி யாராவது வேறு விதமாகச் சொன்னால், தயவுசெய்து திருத்துங்கள்.

அண்ணனின் கடைசி ஆண்டுகளில் முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட தாதியருக்கும், சுத்திகரிப்பு நாள்களில் விடியற்காலையிலேயே காரைத் தயாராக நிறுத்திக் காத்திருந்த பக்கத்து வீட்டுச் சீனப் பெரியவருக்கும், ஓய்வு பெற்ற பின்னும் வாரந்தோறும் வந்து அண்ணனுக்கு முடி திருத்திவிட்ட எக்ஸ்ரே பிரிவு மலாய் நண்பருக்கும், எல்லாக் காரியங்களையும் முன்னின்று நடத்திய கோயில் அன்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. முப்பது ஆண்டுகள் அண்ணனோடு அத்தனையையும் தாங்கி, என்னை ஒரு சொல்லும் கேட்காமல் வீட்டுக்குள் சேர்த்துக்கொண்ட அண்ணிக்கு நன்றி சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆனாலும் சொல்கிறேன்.

உறவினரான உங்களில் சிலர், விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள், ஊர் ஒதுக்கிய அந்தக் காலத்திலும் அண்ணன் வீட்டுக்குப் போய் வந்தீர்கள். கோப்பி குடித்தீர்கள், அவர் எடுத்த மலைகளைப் பார்த்தீர்கள், அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டீர்கள். நான் பேசாதிருந்த பதினொரு ஆண்டுகளும் என் அண்ணனோடு பேசிக்கொண்டிருந்தவர்களே, உங்கள் ஒவ்வொருவரின் கால்களையும் தொட்டு வணங்குகிறேன்.

தங்கை சாந்தி
ஈப்போ